கடல்பச்சைக்கு ஒரு மஞ்சள்

“நீங்க ரெண்டு பேரும் சண்டையே போட்டதில்லன்னு பெருமையா சொல்லிக்கிறீங்களே அண்ணி, அதுக்குக் காரணம் பாசம் இல்ல, ஷிஃப்ட்டு.” போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று, நான் நறுக்க நறுக்க வெள்ளரித் துண்டுகளை எடுத்துத் தின்றுகொண்டே நாத்தனார் சொன்னது இது. “அப்ப உங்க வீட்டுல எப்படி?” என்று நான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. “எங்க வீட்டுலயா? ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஆபீஸ், ஒரே நேரத்துல வீடு, ஒரே ரிமோட்டு, அதனால தினமும் ஒரு ஆட்டம் உண்டு. நீங்க எங்க அண்ணன்கூட ஒரு மாசம் ஒரே நேரத்துல முழிச்சிருந்து பாருங்க, அப்புறம் பேசுவோம்.” சொல்லிவிட்டுக் கடைசித் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டாள். நான் சிரித்தேன், அவளுக்கு வாய் அப்படித்தான், மனசில் எதையும் வைத்துக்கொள்ளமாட்டாள், அதாவது தன் மனசில் வைத்துக்கொள்ளமாட்டாள், எல்லாவற்றையும் அடுத்தவர் மனசில் இறக்கிவைத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவாள்...

இறக்கிவைத்துவிட்டுப் போனது இதோ இப்போது, சாயப்பட்டறையில், சாம்பிள் மெஷினில் தண்ணீர் சூடாவதற்காக நான் காத்து நிற்கும்போது, காதுக்குள் திரும்பத் திரும்ப ஓடுகிறது. மெஷினுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன். என் வீட்டுக்காரர். இந்தப் பட்டறை முழுக்க ராத்திரி மாஸ்டர் என்று கூப்பிடுகிற மனிதர், ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டிய நேரத்தில், மேனேஜர் கேட்டுக்கொண்டதற்காக எனக்குத் துணையாக இந்தச் சோதனை ஓட்டத்துக்கு நிற்கிறார். கூரைக் கண்ணாடி வழியாக விழுகிற காலை வெயில் அவர் கண்ணைக் கூசவைக்கிறது, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு அளவுமானியைப் பார்க்கிறார், அந்த இடுக்கல் எனக்குப் புதிது, இத்தனை வருஷக் குடித்தனத்தில் இவர் வெயிலில் நின்று வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. பெண் பார்க்க வந்தவர் மாதிரி நான்தான் அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நல்ல வேளை, கையில் கடிகாரம் இருப்பதால் நேரம் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொள்ளலாம்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஆரம்பித்த ஏற்பாடு. நான் லேபில் பகல், அவர் மெஷின் தளத்தில் ராத்திரி, யாராவது ஒருவர் எப்போதும் அவளோடு வீட்டில். காலையில் நான் ஸ்கூட்டரில் வந்து இறங்குவேன், அதே ஸ்கூட்டரில் அவர் வீட்டுக்குப் போவார், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எதிர்வீட்டு அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்வாள், சாயங்காலம் அவர் வந்து இறங்குவார், நான் ஏறுவேன். ஒரு ஸ்கூட்டர், ஒரு ஹெல்மெட், இரண்டு தலை. ஹெல்மெட் என் தலைக்கு வரும்போது அவர் தலைச் சூடு இன்னும் ஆறியிருக்காது. பட்டறை வாசல் கேட்டருகில் நின்று, பாப்பா சாப்பிட்டாளா, காஸ் வந்ததா, வீட்டுச் சாவி எந்தப் பையில், அவ்வளவுதான் எங்கள் பேச்சு, வாட்ச்மேன்கூட என்னைவிட அதிகமாக அவரிடம் பேசியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் இருக்கிறது, அதில் பாதி தூங்குவார், மீதிப் பாதி தூங்கி எழுந்த முகத்தோடு ‘என்ன கேட்ட?’ என்பார். சண்டை எப்போது போடுவது, எதை வைத்துப் போடுவது... நாத்தனார் சொன்னதில் தப்பென்ன? மகள் போன வருஷம் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். அவளை விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது என் தொண்டைக்குழியில் வந்து உட்கார்ந்தது ஒரு கேள்வி, ஒரு வேண்டுகோள், கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். இனிமேல் யாருக்காக இந்த மாற்று ஏற்பாடு, பகலுக்கு வந்துவிடுங்களேன் என்று. அன்றைக்கு அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். தூங்குகிற மனுஷனை எழுப்பி இதைக் கேட்பதா என்று விட்டுவிட்டேன். அப்புறம் கேட்டருகில் நின்று கேட்கிற விஷயமா இது, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு?

பகல் மாஸ்டர் இந்த மாதத்தோடு மகன் இருக்கிற ஊருக்குப் போகிறார். அந்த இடத்துக்கு யார் என்று மேனேஜர் இன்று மதியம் போர்டில் எழுதிவிடுவார். எழுதினால் எழுதினதுதான், இன்னொரு மாஸ்டர் வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த ஆள் நகர இன்னும் எத்தனை வருஷமோ. பட்டறையில் பூனைக்குக்கூட இந்தச் செய்தி தெரியும். இவருக்குத் தெரியாதா? தெரியும். ஒரு வார்த்தை பேசினாரா? இல்லை. நான் பேசினேனா? நானும் இல்லை. எனக்கு என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அதாவது தெரியும், சொல்ல வெட்கம். ‘வேண்டாம், எனக்கு ராத்திரிதான் சவுகரியம்’ என்று அவர் சொல்லிவிட்டால்? அதைவிட, ‘சரி’ என்று சொல்லி, வந்து, ஒரு மாதத்தில் எலியும் பூனையுமாக ஆகிவிட்டால்? இத்தனை வருஷம் கேட்டருகில் சேர்த்துவைத்த நல்ல பெயர் இரண்டு பேருக்கும் போய்விட்டால்...

“உப்பு” என்கிறார் அவர். எடை போட்டு வைத்த வாளியைத் தூக்கிவிட்டார், மொத்தமாகக் கொட்டப்போகிறார். நான் பாய்ந்து கையைப் பிடிக்கிறேன். மூன்று தடவையாகப் போடணும் என்கிறேன். சின்ன மெஷினுக்கு எதுக்கு மூணு தடவை என்கிறார். எனக்குத் தெரியும் என்கிறேன். எனக்கும் தெரியும் என்கிறார். எங்களுக்குப் பின்னால் சாயப்பொடி எடை போடுகிற தோழி, அவளை நாங்கள் தராசு என்றுதான் கூப்பிடுவோம், ஒரு சிட்டிகை கூடினாலும் திருப்பி எடுத்துவிடுவாள், சமையலுக்கும் அப்படித்தானாம், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கையைப் பிடித்தது இன்னும் விடவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிகிறது. விடுகிறேன். அவர் வாளியை இறக்கி, மூன்றில் ஒரு பங்கு மாத்திரம் போட்டு, “போதுமா மேடம்?” என்கிறார். மேடமாம். இந்தக் கிண்டல் இவரிடம் எங்கே இருந்தது, இத்தனை நாள் இதை ராத்திரி ஷிஃப்ட் ஆட்களிடமா செலவழித்துக்கொண்டிருந்தார்?

மூன்று தடவை என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் போன வாரத்துக் கூத்து, உப்புதான் சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளுவது, மொத்தமாகக் கொட்டினால் சாயம் முண்டியடிக்கும். குழந்தைகளைக் குளிப்பாட்டித் துவட்டுகிற துண்டுகள், பளிச்சென்ற கடல்பச்சை, வாங்குகிறவர்கள் அனுப்பிய மாதிரித் துணியைப் பார்த்தாலே கன்னத்தில் வைத்துக்கொள்ளத் தோன்றும். அந்தப் பச்சை ஒற்றைச் சாயத்தில் வராது, டர்காய்ஸ் என்கிற நீலமும் மஞ்சளும் சேரவேண்டும். டர்காய்ஸ் இருக்கிறதே, அது பெரிய உடம்புக்காரச் சாயம், மெதுவாகத்தான் நூலுக்குள் நகரும், நல்ல சூடு இருந்தால்தான் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும், அவசரப்படுத்தினால் தண்ணீரிலேயே நின்றுவிடும். கிடங்கில் இருந்த மஞ்சளோ துடுக்கு, வெதுவெதுப்பிலேயே துள்ளிப் போய் ஒட்டிக்கொள்ளும். லேபில் சின்னக் குவளையில் நான் இரண்டையும் சேர்த்துப் போட்டபோது கடைசியில் வந்த நிறம் மாதிரித் துணியோடு அச்சாக ஒத்துப்போயிற்று, கையளவு துணி, அது எப்படிப் போட்டாலும் சமமாகத்தான் வரும். சரி என்று அனுப்பிவிட்டேன். நடுநடுவே எடுத்த துண்டுகளை எல்லாம் கிளிப்பில் மாட்டியும் வைத்திருந்தேன், ஆனால் அவசரத்தில் கடைசித் துண்டை மட்டும்தான் மாதிரியோடு வைத்துப் பார்த்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று பேரெடுத்தவள் நான். ராத்திரி பெரிய மெஷினில் அதே சாயம் ஓடியபோது மஞ்சள் முந்திக்கொண்டு எதிரில் கிடைத்த இடத்தையெல்லாம் பிடித்துவிட்டது, டர்காய்ஸ் ஆற அமர வந்து மிச்ச இடத்தில் உட்கார்ந்தது, ஒரு துண்டின் ஓரம் எலுமிச்சை, நடு கடல், இன்னொரு துண்டு தேமல் விழுந்த மாதிரி.

மறுநாள் காலை லேப் கதவுக் கொக்கியில் ஒரு துணித்துண்டு முடிச்சுப் போட்டுத் தொங்கியது. ராத்திரியில் லேபைப் பூட்டிவிடுவோம், அங்கே ஆள் போட்டதே இல்லை, அதனால் அவர் செய்கிற வேலை இது. ராத்திரி ஓடி முடிந்த ஒவ்வொரு துணியிலிருந்தும் ஒரு துண்டு வெட்டிக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார், விரித்து மாட்டியிருந்தால் நன்றாக வந்திருக்கிறது, மடித்திருந்தால் நிறம் கொஞ்சம் இப்படி அப்படி, முடிச்சுப் போட்டிருந்தால் வந்து பார். வேறு பெண்களுக்குப் புருஷன்மார் பூ வாங்கிக் கொடுத்திருக்கலாம், எனக்கு வருஷக்கணக்காகத் தினமும் ஒரு துணித்துண்டு. அன்றைக்குப் பையைக்கூடக் கீழே வைக்காமல் அந்த முடிச்சை அவிழ்த்தேன். பார்த்தால், எலுமிச்சையும் கடலும் அடித்துக்கொள்கிற அந்தத் துண்டின் மூலையில் நூலால் ஒரு சின்னச் சிரிப்பு முகம் தைத்திருக்கிறது. தையல் பிரிவில் யாரிடமாவது ஊசி வாங்கியிருக்கவேண்டும். கோணல்மாணலான சிரிப்பு. நான் மேனேஜரிடம் திட்டு வாங்கப் போகிறேன் என்று தெரிந்து, அதற்கு முன்னாடியே தைத்து மாட்டியது. திட்டு வாங்கும்போது அந்தத் துண்டு என் பையில்தான் இருந்தது, பாதித் திட்டு எனக்குக் காதில் விழவில்லை.

சூடு ஏறுகிறது. இன்றைக்குப் போட்டிருக்கிற மஞ்சள் வேறு. நான்கு மஞ்சளைக் குவளைகளில் டர்காய்ஸோடு ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, அதிகப் பளபளப்பு கிடையாது, பொடியைப் பார்த்தால் மண் மாதிரி இருக்கும், ஆனால் இதுவும் டர்காய்ஸ் மாதிரியே சூடு வந்தால்தான் அசையும், நிதானமாக நூலுக்குள் போகும், முந்தாது. தனித்தனியாகப் பார்த்தால் அழகாக இருக்கிற இரண்டு சாயம் சேர்ந்தால் அழகாக இருக்கும் என்று சொல்லமுடியாது, வேலை கற்றுக்கொண்ட முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்த சங்கதி, இருந்தும் ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று இருப்பதைத்தான் கை முதலில் எடுக்கிறது. வேகம் ஒத்துப்போகவேண்டும். சேர்ந்து கிளம்பி, சேர்ந்து நடந்து, சேர்ந்து போய்ச் சேரவேண்டும். ஒரே தொட்டியில் கிடக்கிறதே தவிர ஒன்றுக்கு ஒன்று எந்த உதவியும் செய்வதில்லை, ஒன்றின் இடத்தை ஒன்று பிடுங்காமல் இருந்தால் போதும், அதுதான் பொருத்தம்... எங்கள் வேகம் என்ன? யாருக்குத் தெரியும். நாங்கள் ஒரே தொட்டியில் விழுந்ததே இல்லையே, நான் போட்டு முடித்து வடித்த தண்ணீருக்கு அப்புறம் அவர், அவர் வடித்த பிறகு நான்.

முதல் துண்டு எடுக்கிற நேரம். ஓடுகிற துணியின் ஓரத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தைத்துவிட்டிருக்கிறேன், நேரம் ஆக ஆக ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, அலசி, இஸ்திரி போட்டு, வெள்ளைப் பலகையில் வரிசையாகக் குத்தவேண்டும். பலகையின் இடது பக்கத்தில் கிளிப்பில் கிடந்த போன வாரத்து மானக்கேடு அப்படியே இருக்கிறது, முதல் துண்டு எலுமிச்சை, அடுத்தது கிளி, அப்புறம் இலை, கடைசியில்தான் கடல், ஒரு சின்னப் பிள்ளை பார்த்தால்கூட இவை ஒரே தொட்டித் துணி என்று சொல்லாது. வலது பக்கம் காலி. மெஷினை நிறுத்தி மூடியைத் திறக்கிறார், ஆவி முகத்தில் அடிக்கிறது, நான் கத்தரிக்கோலை நீட்டுகிறேன், அவர் கொக்கியால் துணியை இழுத்துப் பிடிக்கிறார், வெட்டுகிறேன், மூடுகிறார்.  ஒன்றும் தடுக்கவில்லை, கை கையில் இடிக்கவில்லை. அலசிப் பிழிந்து பார்த்தால், கடல்பச்சை. மிக மிக வெளிறிய கடல்பச்சை, பால் கலந்த மாதிரி, ஆனால் கடல்பச்சைதான், எலுமிச்சை இல்லை. எனக்கு நிலைகொள்ளவில்லை, தராசின் தோளைப் பிடித்து உலுக்குகிறேன். “ஒண்ணைப் பாத்துட்டு ஆடாத, போன வாரமும் ஒண்ணைப் பாத்துட்டுத்தான ஆடின” என்கிறாள் தராசு. வாஸ்தவம். அடங்குகிறேன். அடங்கினாலும் உள்ளே ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

அவர் முனகுகிறார். இல்லை, பாட்டு. மெஷின் சத்தத்துக்கு நடுவில் ஏதோ ஒரு மெட்டு, சுருதி ஒரு பக்கம் தாளம் ஒரு பக்கம், நாலு அடி போய்ப் பாதியில் நிற்கிறது, திரும்ப முதலிலிருந்து வருகிறது. இவர் பாடுவாரா? பேனாவைக் காதில் செருகிக்கொண்டு பேனாவைத் தேடுகிறார், சட்டைப்பை, மேஜை, மெஷின் மேல், எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது, சொல்லமாட்டேன், இன்னும் கொஞ்சம் தேடட்டும். தேடிக்கொண்டே போகிறபோது தண்ணீர்க் குழாய் ஒன்றை முழங்கையால் தொட்டுப் பார்க்கிறார். முழங்கையால். மற்றவர்கள் புறங்கையால் தொடுவார்கள். ஏன் முழங்கை என்று யோசிக்க யோசிக்க எனக்குப் புரிந்துவிட்டது, மகளைக் காலையில் குளிப்பாட்டியதெல்லாம் இவர்தான், நான் அந்த நேரத்தில் இங்கே குவளைகளோடு இருப்பேன். வாளித் தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்துப் பார்த்துப் பழகிய முழங்கை. நான் பார்க்காத எத்தனையோ காலை அந்த முழங்கையில் இருக்கிறது. கண் கரிக்கிறது, சோடா தூள் பறந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம், சோடா இன்னும் போடவே இல்லை. கரித்தாலும் இது அழுகை இல்லை, சத்தியமாக இல்லை, யாரோ எனக்குச் சேரவேண்டியதைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்து இப்போது ஒவ்வொன்றாகக் கையில் கொடுக்கிற மாதிரி இருக்கிறது. “காதுல இருக்கு” என்று சொல்லிவிடுகிறேன். தடவி எடுத்து அசடு வழிகிறார்.

இரண்டாவது துண்டு. அதே பச்சை, ஒரு படி அழுத்தம். மூன்றாவது, அதே பச்சை, இன்னொரு படி. இப்போது சோடா போடவேண்டும், சாயம் பஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது சோடாவில்தான், இங்கே கெட்டால் எல்லாம் கெட்டது. நான் கரைத்துவைத்த சோடா வாளியைத் தூக்குகிறேன், சூடு ஆறிவிடப் போகிறதே என்ற பதற்றம், இந்தத் தடவை அவர் என் கையைப் பிடிக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடணும் என்கிறார். லேபில் நான் ஒரே ஊற்றாக ஊற்றுவேன் என்கிறேன். “அது டம்ளர்ல டீ ஆத்தற மாதிரி. இது மெஷின்” என்கிறார். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. “ஓஹோ, அப்ப இத்தனை வருஷமா நான் இங்க டீ ஆத்திக்கிட்டா இருக்கேன்? என் டீயைக் குடிச்சுத்தான உங்க மெஷின் ஓடுது?” “குடிச்சுத்தான போன வாரம் வயித்தால போச்சு.” “மூடியைச் சும்மா சும்மா திறந்து பாக்கறீங்களே, அதுல சூடு போகாதா? அங்க என்ன, அடுப்புல பால் பொங்குதா பாக்கறீங்களா?” “திறந்து பாத்தாத்தான தெரியும் உள்ள என்ன நடக்குதுன்னு.” “நான் சொன்னா தெரியாதா?” “நீ எங்க சொல்ற? எதைத்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்க?” குரல் ஏறிவிட்டது, இரண்டு பேருக்கும். அந்தப் பக்கத்து மெஷின்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். தராசு கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “ஏம்மா, கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் முதல் சண்டையா? சொல்லியிருந்தா முன் வரிசையில சீட்டு போட்டிருப்பேனே” என்கிறாள்.

 சண்டை. ஆமாம், இது சண்டைதான், வேறு பேர் கிடையாது, முகம் சிவந்து, மூக்கு விடைத்து, கேட்க ஒரு கூட்டமும் இருக்கிற முழு அளவுச் சண்டை. எதற்காக நான் பயந்துகொண்டிருந்தேனோ அது வந்து நடுக்கூடத்தில் நின்றுவிட்டது... இவ்வளவுதானா? நான் என்ன எதிர்பார்த்தேன், கூரை இடிந்து விழும் என்றா? எனக்குக் காதோரம் சூடாக இருக்கிறது, மனசு துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி இருக்கிறது, உள்ளே எதுவோ குதிக்கிறது, நான் இந்த மனுஷனோடு சண்டை போட்டுவிட்டேன், அவர் என்னோடு சண்டை போட்டார், யாரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பவில்லை, நேரமாகிவிட்டது என்று சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்கிறேன். உதடு துடிக்கிறது, கோபம் என்று நினைத்தேன், இல்லை, சிரிப்பை அடக்குகிறார், அடக்கமுடியாமல் மூக்கு வழியாக வந்துவிட்டது. நானும். சோடா வாளியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பைத்தியம் மாதிரி. அப்புறம் அவர் சொன்னபடியே சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன், நான் சொன்னபடியே அவர் மூடியைத் திறக்காமல் இருந்தார், அதாவது முயற்சி செய்தார், ஒரு தடவை திறந்தார், நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று மட்டும் உள்ளே முள் மாதிரி நிற்கிறது. எதைத்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்க என்றாரே, சோடாவைப் பற்றியா சொன்னார்? சோடாவைப் பற்றி நான் நிறையச் சொல்லிக்கொண்டுதானே இருந்தேன். இவரும் எதற்காகவோ காத்திருக்கிறாரா? நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டும் அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டும் ஒரு வருஷத்தைக் கேட்டருகில் கழித்திருக்கிறோமா? அப்படி இருந்தால் எங்களைப் போல முட்டாள்கள் இந்தப் பட்டறையில் இல்லை... அப்படி இல்லாமல், அவர் சாதாரணமாகச் சொன்னதை நான் பிடித்துக்கொண்டு ஊஞ்சலாடுகிறேனா? நாலாவது துண்டு, ஐந்தாவது, ஆறாவது. வெட்ட வெட்ட, அலச அலச, அதே பச்சை ஆழமாகிக்கொண்டே போகிறது, கரையில் நின்று பார்க்கிற கடல், கொஞ்சம் உள்ளே போன கடல், இன்னும் உள்ளே.

இப்போது சோப்புத் தண்ணீரில் கொதிக்க அலசி முடித்து, கடைசித் துண்டையும் குத்தியாகிவிட்டது. பலகையின் வலது பக்கம் ஒரு பாட்டு மாதிரி இருக்கிறது, மெல்லிய குரலில் ஆரம்பித்து, ஸ்வரம் பிசகாமல் ஏறிப்போகிற பாட்டு, காதில் பேனா வைத்தவர் பாடுகிற பாட்டு இல்லை. எல்லாம் ஒரே நிறம், இளசும் முதிர்வும்தான் வேறே. துண்டுகளை விளக்குப் பெட்டிக்குள் வைத்து வெயில் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறோம், எந்த வெளிச்சத்திலும் முகம் மாறவில்லை. இரண்டு தலையும் ஒரே பெட்டிக்குள் குனிந்திருக்கின்றன. அவர் சட்டையில் ராத்திரி முழுக்க ஓடிய மெஷினின் ஆவி வாசம். இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம்... “நல்லா இருக்கு” என்கிறார், மெதுவாக. துணியைச் சொல்கிறாரா, மஞ்சளைச் சொல்கிறாரா, கேட்கவில்லை.

மேனேஜர் வந்துவிட்டார். பலகையைப் பார்க்கிறார், இடதையும் வலதையும், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு துண்டைத் தேய்த்துப் பார்க்கிறார், ஈர வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்க்கிறார், வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருக்கிறது. போன வாரம் என்னைத் திட்டிய அதே வாயால், இன்றைக்கே பெரிய மெஷினில் ஏற்றிவிடலாம் என்கிறார். தராசு என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளுகிறாள். எனக்குப் பறக்கவேண்டும் போல் இருக்கிறது. அடுத்த மூச்சில் மேனேஜர் அவர் பக்கம் திரும்புகிறார். “சரி மாஸ்டர், பகலுக்கு யாருன்னு இப்ப போர்டுல எழுதணும். நீங்க வாயே திறக்கல. இன்னொருத்தர் ரெண்டு தடவை வந்து கேட்டுட்டுப் போயிட்டார். உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?”

மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சத்தத்தைக் குறைத்துக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றுகிறது. அவர் துண்டுகளைப் பார்க்கிறார், தரையைப் பார்க்கிறார், வெயிலில் ஒரு கண் இடுங்குகிறது. “ராத்திரி பழகிப்போச்சு சார்” என்கிறார். பிறகு, “ஆனா...” என்கிறார். அங்கேயே நிற்கிறார், அவருடைய பாட்டு நிற்கிற மாதிரி. அந்த ஆனாவுக்கு அப்புறம் என்ன? என் பக்கம் திரும்பிப் பார்க்கிறார், எதையோ எதிர்பார்க்கிற பார்வையா, வேண்டாம் என்று என்னைச் சொல்லச்சொல்கிற பார்வையா, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. சாயமாக இருந்தால் நடுவில் ஒரு துண்டு வெட்டிப் பார்க்கலாம், ஓரத்தில் தைத்துவிட்டிருக்கலாம், மனுஷனுக்கு எங்கே தைப்பது? திறந்து பார்த்தால்தான் தெரியும். மேனேஜர் பேனாவைத் திறந்துவிட்டார். பகலுக்கு வந்துவிடுங்களேன், இந்த இரண்டு வார்த்தையைத்தான் ஒரு வருஷமாக உருப்போட்டுவைத்திருக்கிறேன், இதோ வாய்வரை வந்துவிட்டது, வந்த இடத்தில் ஒரு விநாடி நின்று பார்த்தால் இது என்ன, வேறு யாரோ கேட்கவேண்டியது மாதிரி இருக்கிறதே. எனக்கு எதற்குப் பகல்? பகல் எனக்கு ஏற்கெனவே இருக்கிறது, நிறைய இருக்கிறது, வேண்டிய மட்டும் இருக்கிறது. அவருக்குப் பிடித்த இருட்டைப் பிடுங்கிக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? இன்று காலையிலிருந்து என் உடம்பெல்லாம் துள்ளுவது வெயிலினாலா, இவர் பக்கத்தில் நிற்பதாலா... ஒரு வருஷமாக நான் தப்பான வேண்டுகோளையா தொண்டையில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்? லேப் ராத்திரியில் பூட்டித்தானே கிடக்கிறது, சாவி என்னிடம்தானே இருக்கிறது? மேனேஜர் நிற்கிறார், தராசு நிற்கிறாள், பக்கத்து மெஷின்காரர்கள் இரண்டாவது ஆட்டம் பார்க்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், நிற்கட்டும், எனக்குக் குரல் வெளியே வருகிறது, நான் நினைத்ததைவிடச் சத்தமாக, கொஞ்சமும் நடுங்காமல்.

“என்னங்க, பகல்னாலும் சரி, ராத்திரின்னாலும் சரி... நாம ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்ட்டுல இருக்கலாமா?”